ஆற்றங்கரையில் ஓர் இளைஞன்

போர் முடிந்து திரும்பும் வீரனைப் பற்றிக் கட்டுரை வரையச் சொன்னால் நாங்கள் என்ன எழுதுவோம்? மாலை, மேளம், தாயின் ஆனந்தக் கண்ணீர் இவற்றைத்தான் எழுதுவோம். அமெரிக்க எழுத்தாளர் எர்னஸ்ட் ஹெமிங்வே 1925-ல் வெளியிட்ட 'பிக் டூ-ஹார்ட்டட் ரிவர்' என்னும் சிறுகதையில் இவற்றுள் ஒன்றும் இல்லை. நிக் என்னும் இளைஞன் ரயிலை விட்டு இறங்குகிறான், கூடாரம் அடிக்கிறான், சமைத்து உண்கிறான், மறுநாள் மீன் பிடிக்கிறான். "இதில் என்னடி இருக்கிறது?" என்று தோழியர் சிலர் புத்தகத்தை மூடிவிட்டனர். அவர்களுக்காகவே இதை எழுதுகிறோம்.

இது போரிலிருந்து திரும்பியவனின் கதை, ஆனால் போரைப் பற்றிய பேச்சே இதில் இல்லை என்று ஆசிரியரே தம் நினைவு நூலில் கூறியுள்ளார். அவர் மறைந்தபின் 1964-ல் அந்நூல் வெளிவந்தது. அவர் அறியாததை எழுதியவர் அல்லர். 1918 ஜூலை 8-ஆம் நாள், இத்தாலியப் போர்முனையில் செஞ்சிலுவைச் சங்கத் தொண்டராக இருந்தபோது குண்டு வெடித்துப் படுகாயமுற்றார். அப்போது அவருக்கு வயது 18. எங்களை விட மூன்றே வயது மூத்தவர்!

நிக் இறங்கும் ஊர் மிச்சிகன் மாநிலத்திலுள்ள செனி. அது தீயில் எரிந்து கிடக்கிறது. அங்குள்ள வெட்டுக்கிளிகள்கூடக் கரிந்த நிலத்தில் வாழ்ந்து கறுத்துவிட்டன. அவன் ஒன்றைப் பிடித்துப் புரட்டிப் பார்த்து, பறந்து போகச் சொல்லி விட்டுவிடுகிறான். போரைப் பற்றிப் பத்துப் பக்கம் எழுதியிருந்தாலும் இவ்வளவு புரிந்திருக்குமா?

"இயற்கை அன்னை அவனை ஆற்றினாள்" என்று முடித்துவிடுவது எளிது. நாங்கள் அப்படி நினைக்கவில்லை. அவனைத் தாங்குவது அவன் கைகள் செய்யும் வேலையே. கூடாரத்துக்காக நிலத்தைச் சமன் செய்கிறான். நாக்குச் சுடாதபடி உணவு ஆறக் காத்திருக்கிறான். சிறிய மீனைத் திரும்ப நீரில் விடுமுன் தன் கையை நனைத்துக் கொள்கிறான். உலர்ந்த கை பட்டால் மீனின் மேலுள்ள வழுவழுப்பு போய், அவ்விடத்தில் பூஞ்சை பற்றிவிடுமாம். காயம் பட்டவன் வேறோர் உயிருக்குக் காயம் வராமல் பார்க்கிறான். இந்த இடத்தில் நாங்கள் சற்று நேரம் படிப்பதை நிறுத்திவிட்டோம்.

இயற்கை மட்டும் போதுமானால் செப்டிமஸ் பிழைத்திருப்பான். அதே 1925-ல் வர்ஜீனியா வுல்ஃப் எழுதிய 'மிஸஸ் டாலோவே' நாவலில் வரும் முன்னாள் போர்வீரன் அவன். இலண்டன் பூங்காவில் மரங்கள் உயிரோடு அவனை அழைக்கின்றன. குருவிகள் கிரேக்க மொழியில் பாடுவதாகக் கேட்கிறான். மருத்துவர்களோ அவன் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்பதில்லை. முடிவில் அவன் உயிரை மாய்த்துக் கொள்கிறான். அதற்குச் சற்று முன் அவனுக்குக் கிடைக்கும் ஒரே அமைதியான வேளை, மனைவியோடு உட்கார்ந்து ஒரு தொப்பிக்கு ரிப்பனும் பூவும் வைத்து அழகுபடுத்தும் வேளைதான். மரங்கள் தராததை அந்தத் தொப்பி தந்தது.

ஆற்றுக் கதையில் ஜெபம் இல்லையே என்று வருந்துவோர் 1927-ல் வெளிவந்த 'நௌ ஐ லே மீ' என்னும் கதையைப் படிக்க வேண்டும். அதிலும் நிக்தான். போர்முனைக்கு அருகே இரவில் தரையில் படுத்திருக்கிறான். பட்டுப்புழுக்கள் இலை தின்னும் ஓசை கேட்கிறது. இருட்டில் கண்ணை மூடினால் ஆன்மா உடலை விட்டுப் போய்விடும் என்று பயம். ஆகவே சிறு வயதில் அறிந்த ஆறுகளில் மனத்தாலேயே மீன் பிடிக்கிறான். அதுவும் முடியாத இரவுகளில், தான் அறிந்த ஒவ்வொருவருக்காகவும் ஓர் அருள்நிறை மந்திரமும் ஒரு பரலோக மந்திரமும் சொல்லுகிறான். அந்த ஆறும் அந்த மந்திரமும் ஒரே இரவைக் கடக்க உதவியவை.

ஆற்றுக் கதையின் முடிவில் இருண்ட சதுப்பு நிலம் ஒன்று வருகிறது. நிக் அதனுள் போகவில்லை. 'கோழை' என்றாள் ஒருத்தி. பெரிய மீன் தப்பியதற்கே கை நடுங்கி உட்கார்ந்தவன் அவன். சதுப்பில் மீன் பிடிக்க இன்னும் எத்தனையோ நாட்கள் உண்டு என்று எண்ணி, பிடித்த இரண்டு மீன்களோடு கூடாரத்துக்குத் திரும்புகிறான். அவனை அன்றே உள்ளே போகச் சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை.