காரின் முன்தகடு வளையட்டும்!

செங்கோட்டையிலிருந்து புளியரை வழியாக ஆரியங்காவுக்கு ஏறும் மலைச்சாலையில், குற்றால சீசன் நாட்களில் எத்தனையோ வகைக் கார்கள் போய்வருகின்றன. அவற்றுள் சிலவற்றின் முகத்துக்கு அடியில், தரையை ஒட்டினாற்போல ஒரு மெல்லிய தகடு நீட்டிக்கொண்டிருப்பதை நீங்கள் பார்த்திருக்கலாம். அதற்கு ஸ்ப்ளிட்டர் என்று பெயர். காற்றைப் பிரிப்பது என்று பொருள். பந்தயக் கார்களைப் பார்த்து வந்த பழக்கம் இது. காரை வாங்கிய பிறகு, கடையில் கிடைப்பதையோ பட்டறையில் கண்ணாடி இழையால் செய்ததையோ பொருத்திக்கொள்கிறார்கள். முதல் வேகத்தடையிலேயே அது பாதி முறிந்து தொங்குவதும் உண்டு. பெரியவர்கள் இதை வெட்டி ஆடம்பரம் என்கிறார்கள். அது பாதி சரி. மறுபாதியில் நல்ல பௌதிகம் இருக்கிறது என்பதே என் கட்சி.

ஓடும் காரின் முகத்தில் மோதும் காற்று அங்கே தேங்கி அழுத்தம் கூடுகிறது. காருக்கு அடியில் குறுகிய இடைவெளியில் புகும் காற்றோ வேகமாகப் பாய்வதால் அங்கே அழுத்தம் குறைகிறது. நடுவில் ஒரு தகட்டை நீட்டினால், மேலேயுள்ள கூடுதல் அழுத்தம் அதைக் கீழே அமுக்கும். முன் சக்கரங்கள் சாலையை இறுகப் பற்றும். வளைவில் கார் வழுக்காது.

எவ்வளவு அமுக்கும்? கணக்குப் போட்டுப் பாருங்கள். தேங்கிய காற்றின் அழுத்தம், காற்றின் அடர்த்தியில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் கிடைக்கும். காற்றின் அடர்த்தி கன மீட்டருக்கு சுமார் 1.2 கிலோ. தகட்டின் அகலம் 160 செ.மீ., நீட்டம் 10 செ.மீ. என்று கொள்வோம்; பரப்பு 0.16 சதுர மீட்டர். மணிக்கு 180 கி.மீ. வேகத்தில், அதாவது நொடிக்கு 50 மீட்டரில், அழுத்தம் 1500 பாஸ்கல். விசை 240 நியூட்டன். ஏறக்குறைய 24 கிலோ எடையைத் தகட்டின் மேல் வைத்தது போல. தகட்டின் அடியிலுள்ள குறை அழுத்தமும் சேர்ந்தால் இன்னும் கூடும். சரி, நம் மலைச்சாலையில்? எஸ் வளைவில் மணிக்கு 40 கி.மீ. போனாலே அதிகம். அங்கே அதே தகட்டின் மீது விழுவது 1.2 கிலோதான்! ஒரு பலாப்பிஞ்சின் எடை. ஆகவே இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் பயன் தரும் தகடு, புளியரைச் சாலையில் வெறும் அலங்காரமே. இதை ஒப்புக்கொள்ளாமல் மேலே பேசுவதில் பொருளில்லை.

அலங்காரம் என்றாலும் அது முறியாமல் இருக்க வேண்டாமா? இந்திய சாலைப் பேராயத்தின் விதிப்படி வேகத்தடை என்பது 17 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் ஒரு வில், அகலம் 3.7 மீட்டர், நடுவில் உயரம் 10 செ.மீ. முன் சக்கரம் அந்த மேட்டின் ஓரத்தைத் தொடும் கணத்தில், சக்கரத்துக்கு 80 செ.மீ. முன்னால் இருக்கும் தகட்டின் கீழே சாலை எவ்வளவு உயர்ந்திருக்கும்? பத்தாம் வகுப்பு வடிவகணிதம் போதும்: சுமார் 6.8 செ.மீ. தரையிலிருந்து 7 செ.மீ. உயரத்தில் தொங்கும் தகடு மயிரிழையில் தப்பும். ஓட்டுநர் பிரேக்கை அழுத்தி, காரின் முகம் தாழ்ந்தால் தப்பாது. இது விதிப்படி போட்ட வேகத்தடைக்கு. தெருக்காரர்கள் தாங்களாகவே சிமெண்டு குழைத்துப் போட்ட தடைகளுக்கு எந்தச் சூத்திரமும் இல்லை.

உரசல் நிச்சயம் என்றால் தகடு வளைந்து கொடுக்கவேண்டும். இங்கேதான் நம் பட்டறைகள் தவறான பொருளைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன என்பேன். 6 மி.மீ. தடிமனுள்ள தகட்டை 10 செ.மீ. ஆரத்துக்கு வளைத்தால், அதன் வெளிப்புறம் 3 விழுக்காடு நீள்கிறது. கண்ணாடி இழைத் தகடோ 2 விழுக்காட்டை ஒட்டியே முறியத் தொடங்கிவிடும். தடிமனைப் பாதியாக்கினால் நீட்சியும் பாதியாகும். ஆனால் விறைப்பு எட்டில் ஒரு பங்காகிவிடும், ஏனெனில் அது தடிமனின் மும்மடிக்கு ஏற்ப மாறுவது. வேகத்தில் அந்தத் தகடு கொடி போலப் படபடக்கும். விறைப்பாக இருந்தால் முறிகிறது, மெலிந்தால் படபடக்கிறது. என்ன செய்வது?

உங்கள் முழங்காலைக் கவனியுங்கள். அது ஒரு பக்கமாகத்தான் மடங்கும், மறுபக்கம் மடங்காது. காற்று தகட்டைக் கீழே தள்ளுகிறது. வேகத்தடை மேலே தள்ளுகிறது. இரண்டும் எதிரெதிர்த் திசைகள்! எனவே கீழ்நோக்கி விறைப்பும் மேல்நோக்கி நெகிழ்வும் இருந்தால் போதும். நெகிழ்வான தகட்டின் முனையை, மேலே பம்பரிலிருந்து இரண்டு மெல்லிய எஃகுக் கம்பிவடங்களால் கட்டிவிட வேண்டும். காற்று அமுக்கும்போது வடம் விறைத்துத் தாங்கும். மேடு இடிக்கும்போது வடம் தளர்ந்து வழிவிடும். ஊஞ்சல் சங்கிலி இழுக்கும், தள்ளாது அல்லவா? பந்தயக் கார்களில் பெரும்பாலும் விறைத்த உலோகத் தண்டுகளையே பொருத்துகிறார்கள். அங்கே வேகத்தடை இல்லை. அதை அப்படியே காப்பியடிப்பதுதான் நம்மவர்களின் கோளாறு.

இனி பொருள். ஆரியங்காவைத் தாண்டித் தென்மலை, புனலூர் என்று இறங்கினால் எங்கு பார்த்தாலும் ரப்பர் மரங்கள். 1964ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து திரும்பிய தமிழ்க் குடும்பங்களுக்கு வாழ்வளிக்க 1976இல் தொடங்கிய ரப்பர் தோட்ட நிறுவனம் புனலூரில்தான் இருக்கிறது. கந்தகம் சேர்த்துப் பதப்படுத்திய ரப்பர் பல மடங்கு நீண்டும் மீளும். அதற்கும் குறைகள் உண்டு. வெயிலும் காற்றிலுள்ள ஓசோனும் சேர்ந்து அதன் மேற்பரப்பில் வெடிப்பு உண்டாக்கும். கரித்தூளும் காப்பு வேதிப்பொருள்களும் கலந்தால் பெரிதும் தாங்கும். தனி ரப்பர் மிகத் தொளதொளப்பானது. ஆகவே உள்ளே பாலியூரிதேன் போன்ற முறியாத பிளாஸ்டிக் தகடு, விளிம்பில் நாலு விரற்கடை ரப்பர் பட்டை என்று இணைப்பதே சரி. பட்டை தேய்ந்தால் அதை மட்டும் மாற்றலாம். இந்தச் சாலையில் ஏறும் லாரிகளின் பின்சக்கரத்துக்குப் பின்னே தொங்கும் ரப்பர் மறைப்பு எத்தனை கல்லடி பட்டும் கிழியாமல் ஆடுகிறதே, அதைப் பார்த்தே கற்றிருக்கலாம். 2013இல் வந்த போர்ஷே 911 டர்போ காரின் முன் உதடும் நெகிழும் பொருள்தான். வேகம் கூடும்போது காற்று ஊதி விரியும், குறைந்தால் சுருங்கிக்கொள்ளும். அவ்வளவு விலையுள்ள காரிலேயே நெகிழ்வைத் தேடினார்கள் என்பதைக் கவனிக்கவும்.

முறிவதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. விறைத்த கூர்விளிம்பு, குறுக்கே வரும் ஆளின் கணுக்காலுக்கு நேராக நிற்கிறது. காரின் முன்னே பொருத்தும் இரும்புக் காப்புச் சட்டங்கள் பாதசாரிகளுக்கு ஆபத்து என்று, அவற்றின் மீது நடவடிக்கை எடுக்கும்படி 2017 டிசம்பரில் மத்திய அரசு மாநிலங்களுக்கு எழுதியது. வண்டியை விருப்பப்படி மாற்றியமைப்பதையும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது. முறிந்தால் செலவு காருக்கு உடையவருக்கு. முறியாமல் ஆளை வெட்டினால்? நெகிழும் விளிம்பை நான் வற்புறுத்துவதற்கு முதற்காரணமே இதுதான்.

கோவையில் எஸ். கரிவரதன் மாருதி 800 இன்ஜினை வைத்துப் பந்தயக் கார்கள் உருவாக்கினார். அந்த வகைக் காரில் பந்தயம் தொடங்கிய நரேன் கார்த்திகேயன் 2005இல் ஃபார்முலா 1 வரை போனார். எனவே பட்டறை வேலையை இளக்காரமாகப் பார்ப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. முகமூடி இல்லாமல் கண்ணாடி இழைத் தூசியில் நிற்கும் பையனுக்கு மேலே சொன்ன கணக்கை யாரும் சொல்லித்தருவதில்லை, அவ்வளவே. தொழிற்பயிற்சி நிலையங்களில் இதை ஒரு செய்முறைப் பாடமாகவே வைக்கலாம்.

அதுவரை நீங்கள் ஒரு பிளாஸ்டிக் அடிக்கோலை மேசை விளிம்பில் பாதி நீட்டி, மறுபாதியின் மேல் கனமான புத்தகங்களை அடுக்குங்கள். முனையில் ஒரு நூலைக் கட்டி, விறைப்பாக இழுத்து, அந்த அடுக்கின் உச்சியில் முடியுங்கள். முனையில் 100 கிராம் எடையைத் தொங்கவிட்டு, அது எவ்வளவு தாழ்கிறதென்று நூலுடனும் நூலில்லாமலும் அளந்து குறியுங்கள். பிறகு எடையை எடுத்துவிட்டு, கீழிருந்து விரலால் மேலே தள்ளிப் பாருங்கள்.