அடம்பிடிக்கும் 'கான்'

கம்ப்யூட்டரில் 'கான்' (சி-ஓ-என்) என்ற பெயரில் ஃபோல்டர் உருவாக்க முடியாது. கண்டுபிடித்தவர் இந்தியர், மைக்ரோசாஃப்டுக்கே விடை தெரியாது – 2000-களில் இ-மெயிலில் உலவிய பெருமை இது. பெங்களூர் எலெக்ட்ரானிக் சிட்டியின் புரோகிராமர்களுக்கோ இது பழைய கதை. 1981-ல் வந்த டாஸில் விசைப்பலகைக்கும் திரைக்கும் சேர்த்து வைத்த பெயர் 'கான்'. அப்போது ஃபோல்டரே கிடையாது. 1983-ல் அது வந்தபோது, பழைய புரோகிராம்கள் முடங்கக்கூடாதென்று எல்லா ஃபோல்டர்களிலும் அப்பெயர் விலக்கப்பட்டது.

வைரஸ்காரர்களுக்கு இந்தச் சந்து போதும். குறுக்குவழியில் இப்பெயரில் நுழைந்த ஃபைல், டெலிட்டை எத்தனை முறை தட்டினாலும் நகராது. மிரண்டுபோய் டிஸ்க்கையே ஃபார்மட் செய்து, கல்யாண போட்டோக்களைப் பறிகொடுக்க வேண்டாம். கமாண்ட் பிராம்ப்டில் அழிக்கும் கட்டளை தரும்போது, ஃபைலின் முழு முகவரிக்கு முன்னால் இரண்டு பின்சாய்கோடு, ஒரு கேள்விக்குறி, மீண்டும் ஒரு பின்சாய்கோடு சேர்த்தால் போதும். விண்டோஸ் பெயரைச் சோதிக்காமல் அழித்துவிடும். வதந்தியை அழிக்கத்தான் கட்டளை இல்லை.