படத்தில் அளந்த மனை

"அக்கா, உன் பாதிதான் பெரிசாமே?"

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அடுப்பில் பருப்பு வெந்து கொண்டிருந்த நேரத்தில் என் தங்கை போனில் கேட்ட கேள்வி இது. சௌக்கியமா என்று கேட்கவில்லை, என்ன சமையல் என்று கேட்கவில்லை. எனக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் புரியவில்லை.

விஷயம் இதுதான். எங்கள் அம்மா சீட்டுப் பணத்தையும், கைவளையல் விற்ற காசையும் போட்டுத் திருநின்றவூர் பக்கம் இரண்டு கிரவுண்டு மனை வாங்கியிருந்தாள். 80 அடி அகலம், 60 அடி ஆழம். சாவதற்கு முன்னால் ஆளுக்கு ஒரு கிரவுண்டாக எழுதி வைத்து, நடுவில் கல்லும் நட்டுவிட்டாள். அதற்குப் பிறகு அம்பத்தூரிலிருந்து நானும் போகவில்லை, பூந்தமல்லியிலிருந்து அவளும் போகவில்லை. இப்போது விற்கலாமா என்ற பேச்சு வந்ததும், தங்கையின் பிள்ளை கம்ப்யூட்டரில் வரைபடத்தைத் திறந்து அளந்து பார்த்திருக்கிறான். என் பாதி 2604 சதுர அடி, அவள் பாதி 2280 சதுர அடி! வித்தியாசம் 324. அதாவது 12-க்கு 15 அடியில் ஒரு ஹாலும், 12-க்கு 12 அடியில் ஒரு படுக்கையறையும் கட்டுகிற இடம். அவளுக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்?

"அம்மா உனக்குக் கூடக் குடுத்துட்டாங்களோன்னு தோணிச்சு" என்றாள் மெதுவாக. அது என் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. சண்டை போடாமல், "பிள்ளையைக் கூட்டிக்கிட்டு வா, எப்படி அளந்தான்னு நானும் பார்க்கிறேன்" என்றேன்.

சகோதரிகளே, அன்று நான் கற்றுக்கொண்டதை உங்களுக்கும் சொல்கிறேன். ஒன்றும் பெரிய வித்தை இல்லை.

கம்ப்யூட்டரில் கூகுள் மேப்ஸைத் திறந்து, சாட்டிலைட் படத்துக்கு மாற்றி, நம் இடத்தைப் பெரிதாக்கிக் கொள்ள வேண்டும். முதல் மூலையில் மவுஸின் வலது பொத்தானை அழுத்தினால் 'மெஷர் டிஸ்டன்ஸ்' என்று வரும். அதைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொரு மூலையாகத் தொட்டுக்கொண்டே போய், கடைசியில் புறப்பட்ட மூலையையே தொட்டால், சுற்றளவும் பரப்பளவும் கீழே வந்துவிடும். செல்போனில் அதே மேப்ஸ் நீளத்தைத்தான் காட்டும்; பரப்பளவு வேண்டுமானால் கூகுள் எர்த்தில் பார்க்கலாம். நம் இஸ்ரோ 2009-ல் தொடங்கிய 'புவன்' வரைபடத்திலும் அளக்கும் வசதி இருக்கிறது.

பிள்ளை அளந்து காட்டியபோதே தப்பு எங்கே என்று தெரிந்துவிட்டது. என் பக்கம் அவன் புள்ளி வைத்தது பக்கத்து வீட்டு மதிலின் வெளி ஓரத்தில். தங்கை பக்கம் பின்மூலையை ஒரு வேப்பமரம் மூடிக்கொண்டிருந்தது. நிழல் முடிகிற இடத்தில் உத்தேசமாகத் தொட்டிருக்கிறான்.

ஒரு அடிதானே என்று நினைக்காதீர்கள். 40-க்கு 60 என்றால் 2400. நாலு பக்கமும் ஒரே ஒரு அடி வெளியே போனால் 42-க்கு 62, அது 2604! கோலத்தில் ஒரு புள்ளி தள்ளினால் கோலமே கோணுகிற மாதிரிதான். போதாததற்கு, படம் நேர் மேலிருந்தே எடுக்கப்படுவதில்லை. மதிலும் மாடியும் ஒரு பக்கம் சாய்ந்து தெரியும். படமே தரையிலுள்ள இடத்தைவிடச் சில அடிகள் தள்ளி உட்கார்ந்திருப்பதும் உண்டு. ஆகவே அது குத்துமதிப்புக்குத்தான். "இரண்டு கிரவுண்டு என்கிறார்களே, ஒன்றரைதானே தெரிகிறது?" என்று சந்தேகப்பட உதவும். அங்குலக் கணக்குக்கு உதவாது.

பிறகு பட்டாவைப் பார்த்தோம். வருவாய்த் துறையின் இணையதளத்தில் மாவட்டம், தாலுக்கா, கிராமம், சர்வே எண், உட்பிரிவு எண் கொடுத்தால் பட்டாவும் வருகிறது, 'எஃப்.எம்.பி.' என்கிற புலப்படமும் வருகிறது. பட்டாவில் கிரவுண்டு என்று இருக்காது. ஹெக்டேர், ஏர் என்றுதான் இருக்கும். இந்தக் கணக்கை வெட்டி வைத்துக்கொள்ளுங்கள்:

1 கிரவுண்டு – 2400 சதுர அடி
1 சென்ட் – 435.6 சதுர அடி (ஐந்தரை சென்ட், ஏறக்குறைய ஒரு கிரவுண்டு)
1 ஏக்கர் – 100 சென்ட், 43,560 சதுர அடி
1 ஏர் – 100 சதுர மீட்டர், சுமார் 1076 சதுர அடி
1 ஹெக்டேர் – 100 ஏர், சுமார் 2.47 ஏக்கர்

ஒரு கிரவுண்டு என்றால் பட்டாவில் சுமார் 2.23 ஏர் இருக்க வேண்டும். எங்களுக்கு அம்மா எழுதி வைத்தபடியே இருந்தது. தங்கை முகத்தில் பாதிக் கோபம் அப்போதே இறங்கிவிட்டது.

மறு ஞாயிறு நூறு அடி டேப்போடு மனைக்கே போனோம். ஒரு முனையை அவள் பிடித்தாள், மறு முனையை நான் பிடித்தேன். நாலு பக்கம் அளந்தால் மட்டும் போதாது. மூலைக்கு மூலை குறுக்காகவும் அளக்க வேண்டும். 40-க்கு 60 மனையில் இரண்டு குறுக்கு அளவும் 72 அடி 1 அங்குலத்தை ஒட்டி வந்தால் மூலைகள் சரியாக இருக்கின்றன என்று அர்த்தம்.

கோணல் மனையாக இருந்தால்தான் ஏமாற்றம் அதிகம். எதிரெதிர்ப் பக்கங்களைக் கூட்டிப் பாதியாக்கிப் பெருக்குவது தரகர்களின் பழக்கம். பக்கங்கள் வரிசையாக 30, 40, 50, 60 அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் கணக்கில் 40-ஐ 50-ஆல் பெருக்கி 2000 சதுர அடி. ஆனால் 30-க்கும் 40-க்கும் எதிரே போகும் குறுக்கு அளவு 50 அடி என்றால், அது இரண்டு முக்கோணம்: ஒன்று 600, இன்னொன்று 1200, மொத்தம் 1800தான். இல்லாத 200 சதுர அடிக்குப் பணம் கொடுத்திருப்போம்! இந்தக் கணக்கு வாங்குகிறவருக்கு ஒருநாளும் லாபமாக வராது.

அளவு என்றால் எவ்வளவு கவனம் வேண்டும் என்பதற்கு நம் பரங்கிமலையே சாட்சி. இந்தியாவை அளக்கும் பெரிய வேலையை லாம்டன் என்ற வெள்ளைக்காரர் 1802-ல் அங்கேதான் தொடங்கினார். வெயிலில் இரும்புச் சங்கிலி நீளுமே என்று வெப்பமானி வைத்துப் பார்த்துப் பார்த்து, ஏழரை மைல் நீளத்தை அளக்க ஏறக்குறைய இரண்டு மாதம் ஆயிற்றாம். நாம் இரண்டு நிமிஷத்தில் அளந்து சண்டைக்குப் போகிறோம்!

எங்கள் கதைக்கு வருகிறேன். என் பாதி சரியாக 2400. தங்கை பாதியில் முன்பக்கம் 40 அடி, பின்பக்கம் 39 அடிதான். பின்மூலைக் கல்லைக் காணோம்; பக்கத்து மனைக்காரர் போட்டிருந்த முள்வேலி வரைக்கும்தான் அளக்க முடிந்தது. 30 சதுர அடி குறைகிறது. அதை நாமே கல் நட்டுத் தீர்க்கக் கூடாது. தாலுக்கா ஆபீஸ் சர்வேயர் வந்துதான் எல்லை காட்ட வேண்டும். இணையத்திலோ இ-சேவை மையத்திலோ மனுப் போடலாம். நாங்களும் போட்டுவிட்டோம்.

"கல்லு கிடைச்சா சந்தோஷம். கிடைக்காட்டி குறையுறதுல ஆளுக்குப் பதினஞ்சு சதுர அடி" என்றேன். தங்கை ஒன்றும் பேசவில்லை. டேப்பைச் சுற்றிக்கொண்டே, "பருப்புசிலி செஞ்சு கொண்டாந்திருக்கேன், வாக்கா, சாப்பிடலாம்" என்றாள்.

மனை வாங்கப் போகும் சகோதரிகள், அச்சாரம் கொடுப்பதற்கு முன்னால் படத்தில் பாருங்கள். பத்திரத்து நான்கெல்லையையும் பட்டாவையும் புலப்படத்தையும் சேர்த்துப் பாருங்கள். பிறகு டேப்போடு நேரில் போங்கள். அளக்கும் வேலையை ஆண்களிடமே விட்டுவிடாதீர்கள். ஒரு முனையை நீங்கள் பிடியுங்கள்.