முடி கனத்தில் ஒரு கயிறு

எழுபத்திரண்டில் ஒரு பங்கு. பிளாஸ்டிக் விமான மாடல் செய்பவர்களுக்கு உலகம் முழுவதும் பழகிப்போன கணக்கு இது. ஆறடி மனிதன் ஓர் அங்குலமாகிவிடுவான். இந்திய விமானப்படையின் எம்.ஐ-17 ஹெலிகாப்டரின் உடல் 25 செ.மீ. ஆகிவிடும். தலைக்கு மேல் சுழலும் விசிறியின் வட்டம் 30 செ.மீ.க்குச் சற்றுக் குறைவு. சாப்பாட்டு மேஜையின் ஒரு மூலையில் அடங்கிவிடும்.

போர் விமானத்தை அப்படியே கண்ணாடிப் பெட்டியில் வைத்துவிடலாம். மீட்பு ஹெலிகாப்டருக்கு அது போதாது. கீழே யாராவது தவித்துக்கொண்டிருக்க வேண்டும், மேலிருந்து ஒருவர் இறங்கிக்கொண்டிருக்க வேண்டும். எனவே இந்த மாடலுக்குக் காட்சிப் பீடம் அவசியம். இறங்குபவரைத் தாங்கும் கம்பிக் கயிறு நிஜத்தில் சுமார் 5 மி.மீ. கனம். எழுபத்திரண்டில் ஒரு பங்கென்றால் 0.07 மி.மீ. அதாவது ஒரு தலைமுடி.

இந்த வகை மாடல்களில் அதிகம் கண்ணில் படுவது பிரிட்டிஷ் விமானப்படையின் மஞ்சள் நிற சீ கிங். 1978-ல் பணிக்கு வந்து 2015-ல் ஓய்வு பெற்ற ஹெலிகாப்டர். கடல், கவிழ்ந்த படகு, ஆரஞ்சு நிற மிதவை என்று அதற்கான பீடத்துக்கு ஒரு வாய்ப்பாடே உண்டு. அலை செய்யத் தெரிந்தவருக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி. இந்தியக் காட்சிகளைத் தேடினால் ஏமாற்றம்தான். எம்.ஐ-17 கிட்கள் ரஷ்யாவிலிருந்தும் சீனாவிலிருந்தும் வருகின்றன. வாங்கியவர்களில் பெரும்பாலோர் ராக்கெட்டுகளைத் தொங்கவிட்டுப் போர்க்களத்துக்கு அனுப்பிவிடுகிறார்கள்.

இத்தனைக்கும் ஒரு மாடல்காரரின் வாழ்நாள் உழைப்பைக் கேட்கும் காட்சி ஒன்று இந்த நாட்டில் நடந்திருக்கிறது. 1992 அக்டோபர் 13. இமாச்சலப் பிரதேசத்தின் பர்வானூவில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச் சென்ற ரோப் கார், மறுகரையை நெருங்கும்போது இழுவைக் கயிறு அறுந்தது. பெட்டி பின்னோக்கிச் சரிந்து, கௌசல்யா நதிப் பள்ளத்தாக்குக்கு நடுவே சுமார் 1,300 அடி உயரத்தில் நின்றுவிட்டது. பெட்டியின் உதவியாளர் பதற்றத்தில் குதித்து இறந்துபோனார். உள்ளே இருந்தவர்களை எந்தப் பக்கத்திலிருந்தும் எட்ட முடியவில்லை.

மறுநாள் விமானப்படையின் எம்.ஐ-17 வந்தது. ஓட்டியவர் குரூப் கேப்டன் ஃபாலி ஹோமி மேஜர் (மேஜர் என்பது அவரது குடும்பப் பெயர், பின்னாளில் விமானப்படைத் தளபதியானார், அந்தப் பதவிக்கு வந்த முதல் ஹெலிகாப்டர் விமானி). கயிற்றில் இறங்கியவர் ராணுவ பாராசூட் கமாண்டோ இவான் ஜோசப் கிராஸ்டோ. அவர் பதவியே மேஜர். பெட்டியின் கூரையில் இறங்கி, அதன் திறப்பு வழியாக உள்ளே போய், ஒவ்வொருவராக மேலே அனுப்பினார். எல்லோரையும் அனுப்பும் முன் இருட்டிவிட்டது. ஹெலிகாப்டர் திரும்பிப் போனது. கிராஸ்டோ போகவில்லை. மிச்சமிருந்த பயணிகளோடு அந்த இரவைப் பெட்டிக்குள்ளேயே கழித்தார். அடுத்த நாள் வேலை முடிந்தது. மீட்கப்பட்டவர்கள் பத்துப் பேர். கிராஸ்டோவுக்குக் கீர்த்தி சக்ராவும் விமானிக்கு சௌர்ய சக்ராவும் கிடைத்தன.

இதைப் பீடத்தில் ஏற்ற நினைப்பவருக்கு முதல் எதிரி பள்ளத்தாக்கு. 1,300 அடியை எழுபத்திரண்டால் வகுத்தால் 18 அடி. எந்த வீட்டுக் கூரையும் இதற்கு இடம் தராது. பள்ளத்தாக்கின் அடியை விட்டுவிட்டு ஒரு மலைச்சரிவை மட்டும் செங்குத்தாக, தெர்மோகோலைச் செதுக்கி நிறுத்தலாம். சிலர் சின்ன ஸ்கேலுக்கு மாறி ஆழத்தைப் பிடிக்கப் பார்ப்பார்கள். அப்போது மனிதன் எறும்பாகிவிடுவான், முகம் போய்விடும். ஆழத்தைக் காட்டினால் மனிதர் தெரிவதில்லை, மனிதரைக் காட்டினால் ஆழம் தெரிவதில்லை. பெரும்பாலோர் மனிதரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அது சரியான முடிவுதான். ஆனால் பார்ப்பவருக்குப் பெட்டி ஏதோ மாடி உயரத்தில் நிற்பதாகத் தோன்றும், அந்த நாளின் பயம் பாதிக்குப் பாதி கரைந்துவிடும்.

ஹெலிகாப்டரிலும் வழுக்கும் இடங்கள் உண்டு. கிட்டில் வரும் ஐந்து இறக்கைகளும் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல நேராக இருக்கும். நிஜத்தில் அவை ஒருபோதும் நேராக இருப்பதில்லை. தரையில் ஓய்வாக நிற்கும்போது சொந்த எடையில் கீழே தொங்கும். பறக்கும்போது முழு ஹெலிகாப்டரையும் சுமப்பதால் நுனிகள் மேல்நோக்கி வளையும். மிதந்து நிற்கும் ஹெலிகாப்டருக்குத் தொங்கும் இறக்கைகளை ஒட்டுபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். வெந்நீரில் முக்கி, இரண்டு நிமிடம் பொறுமையாக வளைத்தால் தீரும் விஷயம். வால் விசிறி இன்னொன்று. பழைய எம்.ஐ-8-ல் அது வலப்பக்கம், எம்.ஐ-17-ல் இடப்பக்கம். மாறினால் வேறு ஹெலிகாப்டர்.

அதைவிட முக்கியம் காற்று. பதினொரு டன் எடையை அந்தரத்தில் நிறுத்த வேண்டுமானால் அதற்கு ஈடான விசையில் காற்றைக் கீழே தள்ளியாக வேண்டும். எம்.ஐ-17-ன் விசிறி அளவுக்குக் கணக்குப் போட்டால் அந்தக் காற்று மணிக்கு 80 கி.மீ. வேகத்தை எட்டும். அதற்கு நேர் கீழேதான் ரோப் கார் பெட்டி தொங்குகிறது. அதன் கூரையில்தான் ஒருவர் கால் வைக்கப் பார்க்கிறார். அவர் கயிறும் நேராகத் தொங்காது. பெட்டியும் சும்மா நிற்காது. இரண்டும் தனித்தனித் தாளத்தில் ஊசலாடும். பெட்டியைத் தாங்கும் ரோப்வே கயிறு வேறு குறுக்கே போகிறது, விஞ்ச் கம்பி அதில் சிக்கினால் எல்லாம் முடிந்தது. பெட்டியை மட்டமாகவும் கயிற்றைத் தூக்குக் குண்டு போலச் செங்குத்தாகவும் வைத்திருக்கும் மாடல் பார்க்க அழகாக இருக்கலாம். ஆனால் அதில் வேலை சுலபமாகத் தெரியும். பெட்டி சில டிகிரியாவது சாய வேண்டும், கயிறு வேறு பக்கம் சாய வேண்டும், பயணிகளின் உடைகள் உடம்போடு ஒட்ட வேண்டும்.

அந்தக் கயிற்றுக்குக் கடையில் வாங்கும் நூல் எதுவும் ஆகாது. பிசிர் தெரியும், கனமும் கூடுதல். கிட்டில் மிஞ்சும் பிளாஸ்டிக் குச்சியை மெழுகுவர்த்திச் சுடரில் காட்டி, இளகியதும் இரு கைகளாலும் வெடுக்கென இழுப்பது பழைய வித்தை. இழுக்கும் வேகத்தைப் பொறுத்து முடி கனத்தில் இழை வரும். பத்து இழுப்பில் ஒன்று தேறினால் அதிர்ஷ்டம். அந்த இழை எதையும் தாங்காது என்பதுதான் வேடிக்கை. மேலே ஹெலிகாப்டரைத் தாங்குவது ஒளி ஊடுருவும் அக்ரிலிக் கம்பி. கீழே மனிதரைத் தாங்குவது பெட்டிக் கூரையில் குத்திய பித்தளை ஊசி. கயிறு வெறுமனே நடுவில் நடிக்கிறது.

மனிதர்களுக்குப் பஞ்சம். ஹெலிகாப்டர் கிட்டில் வருவது பெரும்பாலும் முழங்காலில் கை வைத்து உட்கார்ந்திருக்கும் விமானிகள். மீதிப் பேரை ரயில் மாடல் கடையில்தான் தேட வேண்டும். 1:76 ரயில்களுக்கான பொம்மைகள் ஏறக்குறைய இந்த உயரம். ஆனால் அவை பிளாட்பாரத்தில் பெட்டி படுக்கையோடு வண்டிக்காகக் காத்திருப்பவை. சூட்கேஸை வெட்டி எறிந்து, கைகளைத் திருப்பி ஒட்டி, நீர்த்த பசையில் நனைத்த டிஷ்யூ காகிதத்தால் புடவையும் துப்பட்டாவும் சுற்றினால் இமாச்சலத்துக்கு வந்துவிடுவார்கள்.

அப்புறம், எந்த நொடி? எல்லோரும் எடுப்பது நடுக் கயிற்றில் ஒருவர் தொங்கும் நொடி. படத்துக்கு நல்ல நொடி. விபரீதம் ஒளிந்திருப்பது கயிற்றின் இரு முனைகளிலும். 2022 ஏப்ரல் 10-ல் ஜார்க்கண்டின் தேவ்கர் அருகே திரிகூட மலை ரோப்வேயில் பெட்டிகள் மோதியபோது, இதே வகை ஹெலிகாப்டர்கள் போய்ப் பலரைக் காப்பாற்றின. ஏப்ரல் 11 மாலை, ஹெலிகாப்டரின் வாசல்வரை இழுக்கப்பட்டுவிட்ட ஒருவர் உள்ளே ஏறும்முன் நழுவி விழுந்தார். தொலைக்காட்சியில் நாடே அதைப் பார்த்தது. மறுநாள் மீட்பின்போது ஒரு பெண்ணும் விழுந்து இறந்தார். கயிற்றின் மேல்முனையில், வாசலில் மண்டியிட்டுக் கை நீட்டும் ஊழியரை மாடல்காரர்கள் அனேகமாக விட்டுவிடுகிறார்கள். விசிறியின் நிழலில் அவர் தெரியமாட்டார் என்பது சமாதானம். பீடத்திலேயே கடினமான வேலை அவருடையது.

பர்வானூவில் இன்னொரு நொடியும் இருக்கிறது. இரவு. ஹெலிகாப்டர் போய்விட்டது. சாய்ந்த பெட்டி, உள்ளே பயணிகளோடு ஒரு கமாண்டோ, வெளியே இருட்டு. இதைச் செய்ய 25 செ.மீ. பிளாஸ்டிக்கும் இறக்கை வளைக்கும் வெந்நீரும் தேவையில்லை. தீக்குச்சிப் பெட்டி அளவுக்கு ஒரு பெட்டியும், கறுப்பு வண்ணம் அடித்த பின்புலமும் போதும். ஹெலிகாப்டர் இல்லாத ஹெலிகாப்டர் மாடலைப் போட்டிக்கு எந்தப் பிரிவில் அனுப்புவது என்பதுதான் சிக்கல்.

கடைசியாகப் பெயர்ப் பலகை. ஹெலிகாப்டரின் வகை, இடம், தேதி; இடம் மிஞ்சினால் விமானி, கமாண்டோ பெயர்கள். வழக்கம் இதுதான். மீட்பு தொடங்கியது 14-ம் தேதி என்பதால் அதைப் பொறிப்பதே இயல்பு. குதித்த உதவியாளருக்கும் அந்தப் பீடத்தில் ஓர் ஓரம் தர நினைப்பவர், பலகையில் 13 என்று போட வேண்டியிருக்கும்.