மருந்தைக் கூட்டினால் குறி தப்பாதா?

வெகுதூரம் சுட வேண்டுமானால் வெடிமருந்தை அள்ளிப் போட வேண்டும் என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். குழல்வாய் வழியே மருந்தையும் ஈயக் குண்டையும் இடித்து நிரப்பிச் சுட்ட பழைய துப்பாக்கிகள் இந்த எண்ணம் தவறு என்று காட்டுகின்றன.

1857-இல் இங்கிலாந்தின் ஹைத் நகரில் இரண்டு துப்பாக்கிகள் சோதிக்கப்பட்டன. ஒன்று பிரிட்டிஷ் ராணுவத்தின் என்ஃபீல்ட். மற்றது மான்செஸ்டர் பொறியாளர் ஜோசப் விட்வொர்த் வடிவமைத்தது. இரண்டிலும் குண்டின் எடை சுமார் 530 கிரெய்ன், அதாவது 34 கிராம். மருந்து சுமார் 70 கிரெய்ன், அதாவது நாலரை கிராம். 500 கெஜத்தில் என்ஃபீல்ட் குண்டுகள் சராசரியாக 2.24 அடி விலகின. விட்வொர்த் குண்டுகள் 0.37 அடிதான் விலகின. 1,400 கெஜத்தில் என்ஃபீல்டால் இலக்கையே தொட முடியவில்லை.

எடையும் மருந்தும் ஒன்றே என்றால் வேறுபாடு எங்கிருந்து வந்தது? என்ஃபீல்ட் குழலின் விட்டம் 0.577 அங்குலம். விட்வொர்த் அதை 0.451 ஆகக் குறைத்து, அதே அளவு ஈயத்தை ஒல்லியாகவும் நீளமாகவும் வார்த்தார். முகப்பு சிறுத்ததால் காற்றின் தடை குறைந்தது. ஆனால் நீண்ட குண்டு வேகமாகச் சுழலாவிட்டால் காற்றில் குப்புறப் புரளும். எனவே, 78 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்றிருந்த குழலின் திருகை 20 அங்குலத்துக்கு ஒரு சுற்று ஆக்கினார்.

இதற்கு ஓர் எளிய கணக்கு உண்டு. 150-ஐக் குண்டின் விட்டத்தால் பெருக்குங்கள். குண்டின் நீளம் விட்டத்தைப் போல் எத்தனை மடங்கோ, அந்த எண்ணால் வகுங்கள். 0.45 அங்குல விட்டமும் மும்மடங்கு நீளமும் என்றால் விடை 22.5 அங்குலம். கணித அறிஞர் கிரீன்ஹில் இதை வெளியிட்டது 1879-இல். விட்வொர்த்தோ, இருபது ஆண்டுகளுக்கு முன்பே சுட்டுச் சுட்டுப் பார்த்து அதையொட்டிய அளவுக்கு வந்துவிட்டார்.

அப்படியானால் ராணுவம் ஏன் அதை ஏற்கவில்லை? விலை அதிகம். அதோடு, கருமருந்து எரிந்தால் அதில் பாதிக்கு மேல் கசடாக மிஞ்சும். குறுகிய குழலில் கசடு படிந்தால் அடுத்த குண்டை உள்ளே தள்ளுவதே பாடு. போட்டித் திடலில் குழலைத் துடைக்க நேரம் உண்டு, போர்க்களத்தில் ஏது? மருந்தைக் கூட்டினால் கசடும் கூடும், தோளில் உதையும் கூடும்.

1874-இல் நியூயார்க்கின் கிரீட்மூர் திடலில் 1,000 கெஜம் வரை நடந்த போட்டியில், குழல்வாய்த் துப்பாக்கி ஏந்திய அயர்லாந்து அணி, பின்புறம் நிரப்பும் துப்பாக்கி ஏந்திய அமெரிக்கர்களிடம் 931-க்கு 934 என்று தோற்றது. அயர்லாந்து வீரர் ஒருவர் தவறிப்போய்ப் பக்கத்து இலக்கின் நடுவில் சுட்டிராவிட்டால், முடிவே மாறியிருக்கும்!

‘எது சிறந்த குண்டு?’ என்ற கேள்வி அரைகுறையானது என்பேன். எந்தக் குழலுக்கு, எவ்வளவு தூரத்துக்கு, எந்த வேலைக்கு என்று சேர்த்துக் கேட்க வேண்டும். பள்ளி அறிவியல் விழாவுக்கு உங்கள் பிள்ளை நீர் ராக்கெட் செய்கிறதா? காற்றை மேலும் மேலும் அடைக்கச் சொல்லாதீர்கள். ஒரு முறைக்கு ஒன்றை மட்டும் மாற்றி, அளந்து, குறித்துவைக்கச் சொல்லுங்கள். விட்வொர்த் செய்ததும் அதைத்தான்.