பழுதான வண்டியை நிறுத்தும் உரிமை வேண்டும்

துறைமுகம், சரக்குக் கிடங்கு, மோட்டார் தொழிற்சாலை, சிமெண்ட் ஆலை - எங்கு பார்த்தாலும் இன்று போர்க்லிப்ட் வண்டிகள் ஓடுகின்றன. பலர் முதுகொடியச் சுமந்த பளுவை ஒரு வண்டி தூக்கி அடுக்கிவிடுகிறது. இதைத் தொழிலாளி வர்க்கம் எதிர்க்கவில்லை, வரவேற்கிறது. மனிதனின் சுமையைக் குறைக்கத்தான் யந்திரம். ஆனால் சுமையைக் குறைக்க வந்த யந்திரம் அவனுடைய காலையும் உயிரையும் பறிக்குமானால், குற்றவாளி யந்திரமல்ல. அதைப் பராமரிக்காமல் ஓட்டச் சொல்லும் நிர்வாகமே.

விபத்து நேர்ந்ததும் நிர்வாகங்கள் சொல்லும் பதில் நமக்குப் புதிதல்ல: “டிரைவரின் கவனக் குறைவு.” அதற்குச் சாட்சியாக ஒரு காகிதத்தையும் நீட்டுவார்கள். பிரேக், ஹார்ன், டயர், ஆயில் எல்லாம் சரி என்று ஷிப்ட் தொடக்கத்தில் டிரைவர் கையெழுத்திட்ட படிவம் அது.

அந்தக் கையெழுத்து எப்படி வாங்கப்படுகிறது? லாரி வாசலில் காத்து நிற்கிறது. சூப்பர்வைசர் அவசரப்படுத்துகிறார். பிரேக் சரியில்லை என்று எழுதினால் வண்டி நிற்கும். வண்டி நின்றால் சரக்கு நிற்கும். சரக்கு நின்றால் காண்டிராக்ட் தொழிலாளிக்கு மறுநாள் கேட் திறக்காது. ஆகவே எல்லாக் கட்டங்களிலும் ‘சரி’ என்று குறித்துவிடுகிறான். பரிசோதனை நடப்பதில்லை, கையெழுத்து மட்டுமே நடக்கிறது. அந்தக் கையெழுத்தே பிறகு அவன் கழுத்துக்குச் சுருக்காகிறது.

இந்த வண்டி மற்ற மோட்டார் வண்டிகளைப் போன்றதல்ல. இது ஒரு தராசு. முன்னால் பளு, பின்னால் எதிர் எடை, நடுவில் தாங்குவது முன் சக்கரங்கள். பளு அளவை மீறினாலோ, கரங்களின் நுனிப் பக்கம் தள்ளிப் போனாலோ, பின் சக்கரங்கள் தரையை விட்டு எழும்பும். பளுவை உயரத் தூக்கியபடி வேகமாகத் திருப்பினால் பக்கவாட்டில் கவிழும். கவிழும்போது வெளியே குதிக்கும் டிரைவர் மேற்கூரைச் சட்டத்தின் கீழ் நசுங்கிப் போகிறான். எனவே இடுப்புப் பெல்ட் அறுந்த வண்டியைப் பிரேக் இல்லாத வண்டியாகவே கருத வேண்டும்.

தேய்மானம் சத்தம் போடாமல் வருகிறது. ‘போர்க்’ எனப்படும் இரும்புக் கரத்தின் வளைவு, தரையில் உரசி உரசித் தேய்கிறது. அதன் கனம் 10 சதவிகிதம் குறைந்தால் தாங்கும் சக்தியில் ஏறக்குறைய 20 சதவிகிதம் போய்விடும். 50 மில்லிமீட்டர் கனமுள்ள கரம் 5 மில்லிமீட்டர் தேய்ந்துவிட்டால் அதைக் கழற்றி எறிய வேண்டும் என்பது பொறியியல் விதி. தூக்குச் சங்கிலி 3 சதவிகிதம் நீண்டுவிட்டால் பொதுவாக அதற்கும் அதே கதிதான். இவற்றை வெறுங்கண்ணால் மதிப்பிட முடியாது. அளவுகோல் வேண்டும், நேரம் வேண்டும், தேர்ந்த மெக்கானிக் வேண்டும். கீறல் விட்ட கரத்தைப் பட்டறையில் வெல்டிங் வைத்து ஓட்டுவது சிக்கனம் அல்ல, கொலைக்கு ஏற்பாடு.

ஆகவே இரு பரிசோதனைகள் தேவை. ஒன்று, டிரைவர் தினசரி செய்வது. மற்றொன்று, தகுதி பெற்ற நிபுணர் குறித்த காலத்தில் செய்வது. முதலாளித்துவ நாடான அமெரிக்காவிலேயே, தினமும் ஒரு முறையாவது வண்டியைச் சோதிக்க வேண்டும், இரவு பகலாக ஓடும் வண்டியை ஒவ்வொரு ஷிப்டுக்குப் பிறகும் சோதிக்க வேண்டும், பழுதிருந்தால் ஓட்டக் கூடாது என்று விதி இருக்கிறது. பிரிட்டனில் 1998-ம் ஆண்டு விதிகளின்படி தூக்கும் பாகங்களை 12 மாதங்களுக்கு ஒரு முறையும், ஆட்களைத் தூக்கும் வண்டியானால் 6 மாதங்களுக்கு ஒரு முறையும் முழுமையாகப் பரிசோதிக்க வேண்டும்.

நம் நாட்டில் நிலைமை என்ன? 1948-ம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 29-வது பிரிவு, தூக்கும் யந்திரங்களை 12 மாதங்களுக்கு ஒரு முறையாவது தகுதி பெற்றவர் பரிசோதித்துப் பதிவேடு வைக்க வேண்டும் என்று விதித்தது. கிரேன், விஞ்ச், கப்பி என்று அதில் பட்டியல் இருந்தது. போர்க்லிப்டின் பெயர் இல்லை. 2025 நவம்பர் 21 முதல் அச்சட்டத்தின் இடத்தில் 2020-ம் ஆண்டின் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் வந்திருக்கிறது. மின்சக்தியால் இயங்கும் பட்டறையைத் தொழிற்சாலை என்று கொள்ள முன்பு 10 தொழிலாளர் போதும். இப்போது 20 பேர் வேண்டும். புதிய சட்டத்தின் 14-வது பிரிவு, உயிருக்கு ஆபத்து என்று அஞ்சும் தொழிலாளி நிர்வாகத்திடமும் சர்க்கார் ஆய்வாளரிடமும் தெரிவிக்கலாம் என்கிறது. தெரிவிக்கலாம், சரி. பதில் வரும்வரை அந்த வண்டியில் ஏற மாட்டேன் என்று சொல்லும் உரிமை அப்பிரிவில் எங்கே?

ஆபத்தான வேலையிலிருந்து நியாயமான காரணத்தோடு விலகும் தொழிலாளியைத் தண்டனையிலிருந்து காக்க வேண்டும் என்று, சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனத்தின் 155-வது உடன்படிக்கை 1981-லேயே சொல்லிவிட்டது. 2022 ஜூனில் அந்த ஸ்தாபனம் பாதுகாப்பான வேலையிடத்தை அடிப்படை உரிமைகளில் ஒன்றாகச் சேர்த்தது. ஸ்தாபனத்தின் தொடக்க கால உறுப்பினரான இந்திய சர்க்கார் இதைக் காணாதது போல் இருக்க முடியாது.

இன்னொரு தந்திரமும் உண்டு. வண்டி வாடகைக்கு எடுத்தது; டிரைவர் ஒரு காண்டிராக்டரின் ஆள்; கிடங்கு வேறொரு கம்பெனியுடையது. விபத்து நடந்ததும் மூவரும் ஒருவரையொருவர் கை காட்டுகிறார்கள். காயம்பட்டவன் குடும்பம் நஷ்டஈட்டுக்கு மூன்று வாசல்களிலும் ஏறி இறங்குகிறது. யாருடைய தளத்தில் வண்டி ஓடுகிறதோ அந்த நிர்வாகமே முதல் பொறுப்பாளி என்று ஆக்க வேண்டும்.

நமது கோரிக்கைகள் எளியவை. போர்க்லிப்ட் என்று பெயர் சொல்லியே பரிசோதனை விதி வகுக்க வேண்டும். தினசரிச் சோதனைக்குச் சம்பளத்தோடு நேரம் ஒதுக்க வேண்டும். டிரைவர் பழுது எழுதினால் சாவியைக் கழற்றிச் சிவப்பு அட்டை தொங்கவிட வேண்டும். பழுது நீங்கியதாக மெக்கானிக் கையெழுத்திடும் வரை எந்த அதிகாரியும் அதை அகற்றக் கூடாது. வண்டி நின்ற நேரத்துக்குக் கூலி பிடிக்கக் கூடாது. பதிவேட்டைச் சங்கப் பிரதிநிதி எப்போது கேட்டாலும் காட்ட வேண்டும்.

சங்கங்களுக்கும் கடமை உண்டு. இரும்புக் கரத்தின் மீது ஆளை ஏற்றித் தூக்குவதையும், பயிற்சி இல்லாதவன் சாவியைத் திருகுவதையும் நம் தோழர்களே தடுக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ‘இந்த வண்டி ஓடாது’ என்று சொல்லும் டிரைவர் தனி ஆளாக நிற்கக் கூடாது. அந்த நேரத்தில் அவன் பக்கத்தில் மொத்த ஷிப்டும் நிற்குமானால், பொய்க் கையெழுத்து வாங்கும் துணிவு எந்த நிர்வாகத்துக்கும் வராது.