தூக்கிப் போடறதுக்கு அது என்ன ஊசிப்போன சட்னியா?

போன வாரம் நண்பர் ஒருத்தர் போன் பண்ணினார். என்னை விட ரொம்ப வருஷமா கடல்நீர்த் தொட்டி வெச்சிருக்கிறவர். "லெதர் கோரல் ஒண்ணு பம்ப்ல மாட்டிக் கிழிஞ்சு போச்சுப்பா, தூக்கிக் குப்பைல போட்டுட்டேன். இருபது வெள்ளி தானே, வேற வாங்கிக்கலாம்"னார். காலைல அரைச்ச சட்னி ஊசிப் போச்சுங்கிற மாதிரி அவ்ளோ சாதாரணமா சொன்னார். அப்ப ஏறின கடுப்புதான் இந்தப் பதிவு.

தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. பவளம்னதும் மோதிரத்துல வைக்கிற சிவப்புக் கல்லு ஞாபகம் வந்தா அதை ஓரமா வைங்க. நான் சொல்றது சாஃப்ட் கோரல். உள்ளே பாறை மாதிரி எலும்புக்கூடு கிடையாது, சதைக்குள்ள சின்னச் சின்ன சுண்ணாம்புத் துணுக்குகள்தான். சார்கோஃபைட்டான்னு ஒரு வகை, பார்க்க பெரிய காளான் மாதிரி இருக்கும். அதோட தலை பூரா குட்டிக் குட்டிப் பூக்கள். ஒவ்வொண்ணும் ஒரு உயிர், ஒவ்வொண்ணுக்கும் எட்டு கை. சதைக்குள்ள குடியிருக்கிற பாசி வெளிச்சத்துல சமைச்சுப் போடுது, இது உட்கார்ந்து சாப்பிடுது. கிட்டத்தட்ட கல்யாணத்துக்கு முன்னாடி நான் இருந்த மாதிரி :-)

கடைக்காரங்க இதைத்தான் "ஈசி கோரல் சார், சாகவே சாகாது"ன்னு தலையில கட்டுவாங்க. வினையே அந்த ஒரு வார்த்தைல தான் ஆரம்பிக்குது. சாகாதுன்னு சொல்லி வாங்கினது ரெண்டு நாள் பூவை உள்ளே இழுத்துக்கிட்டா உடனே "செத்துப் போச்சு"ங்கிறோம். அட, லெதர் கோரல் அப்பப்ப மேல்தோலை உரிக்கும் சாமி! மேல மெழுகு பூசின மாதிரி ஆயி, சில நாள், சமயத்துல ரெண்டு வாரம் கூட மூடிக் கிடக்கும். அப்புறம் அந்தப் படலம் கழண்டு ஓடிடும், பூ மறுபடி வெளியே வரும். பாம்பு சட்டை உரிக்கிறப்ப செத்துப் போச்சுன்னு யாராவது புதைப்பாங்களா?

தூக்கிப் போடற கோஷ்டி இப்படின்னா, ஊத்தற கோஷ்டி இன்னும் மோசம். கோரல் சுருங்கினதும் அலமாரில இருக்கிற பாட்டில் எல்லாம் தொட்டிக்குள்ள. மீனுக்கு வாங்கின செம்பு மருந்தை ஊத்தினவரை எனக்குத் தெரியும். செம்பு மீனைக் காப்பாத்தும், ஆனா கோரல், இறால், நத்தை எல்லாத்துக்கும் எமன். இன்னொருத்தர் மனுஷனுக்குக் குடுக்கிற ஆன்டிபயாடிக் மாத்திரையை நுணுக்கிப் போட்டார். தொட்டில அம்மோனியாவைத் தின்னு சுத்தம் பண்றதே பாக்டீரியா தான், அதுக்கே விஷம் வெச்சுட்டு அப்புறம் தண்ணி கலங்கிடுச்சேன்னா? அந்தத் தண்ணியை எங்கே கொட்டினார்னு நான் கேட்கலை. கேட்டிருக்கணும்.

நான் மட்டும் யோக்கியமான்னு கேட்பீங்க. சொல்றேன். மூணு வருஷம் முன்னாடி என்னோட காளான் கோரல்ல ஒரு ஓரம் பழுப்பாகி அழுக ஆரம்பிச்சுது. வெளியே எடுக்கச் சோம்பல்பட்டு, தொட்டிக்குள்ளயே கத்திரிக்கோலை விட்டு வெட்டினேன். பால் மாதிரி கொழகொழன்னு வந்துச்சு. லெதர் கோரல் எதிரியைத் துரத்த வெச்சிருக்கிற ரசாயனம் எல்லாம் அந்தக் கொழகொழப்புல இருக்கு. ஒரு மணி நேரத்துல பக்கத்து கோரல் எல்லாம் மூடிக்கிச்சு. ராத்திரி பதினொரு மணிக்கு ஃபில்டர்ல கரி மாத்தி, வாளி வாளியா உப்புத் தண்ணி கலந்து ஊத்தினேன். நாலு வாளியோட தப்பிச்சேன்.

அப்புறம்தான் ஒழுங்கா செஞ்சேன். தொட்டித் தண்ணியையே தனிப் பாத்திரத்துல எடுத்து, கோரலை வெளியே வெச்சு, புது பிளேடால அழுகினதை முழுசா, நல்ல சதை தெரியற வரைக்கும் வெட்டினேன். பாதி அழுகலை விட்டு வெச்சா வெட்டினதே வீண். அயோடின் கலந்த தண்ணில கொஞ்ச நேரம், அப்புறம் நல்ல தண்ணில ஒரு அலசல். கொழகொழப்பு மேலேயே தங்காம அடிச்சுட்டுப் போற அளவு நீரோட்டம் உள்ள இடம், ஆனா பம்ப் நேரா மூஞ்சியில அடிக்கக் கூடாது. வெளிச்சம் கொஞ்சம் கம்மி. பசை இந்த வழவழப்புல ஒட்டாது, வலைத்துணியால கல்லோட லேசா கட்டணும். அவ்ளோதான். அதுக்கப்புறம் செய்ய வேண்டிய ரொம்ப கஷ்டமான வேலை, கையைக் கட்டிக்கிட்டு உட்கார்றது. தினமும் இடம் மாத்தக் கூடாது, தீனி திணிக்கக் கூடாது, சூடு 25 டிகிரி பக்கம், உப்பு 35ன்னு ஒரே சீரா இருக்கணும். சிங்கப்பூர் வெக்கைக்கு சில்லர் இல்லாம இது நடக்காது. குழாய்த் தண்ணியில குளோரமைன் இருக்கு, வடிகட்டாம ஊத்தாதீங்க.

ஆறு வாரம் ஆச்சு. ஏழாவது வாரம் ஒரு காலைல வெட்டின ஓரத்துல ஒரே ஒரு பூ எட்டிப் பார்த்துச்சு. தங்கமணியை எழுப்பிக் காட்டினேன். "இதுக்கா எழுப்பினீங்க"ன்னு மறுபடி தூங்கிட்டாங்க.

ஆனா அவங்களைக் குறை சொல்ல முடியாது. ஒரு தடவை என் உயிரைக் காப்பாத்தினதே அவங்க தான். சோவான்திட்னு பொத்தான் பொத்தானா ஒரு ஜாதி இருக்கு. உண்மையில சாஃப்ட் கோரல் இல்லை, ஆனா கடையில அதோட சேர்த்துத்தான் விப்பாங்க. அது பரவின கல்லுல களை மாதிரி அனிமோன் வந்துடுச்சுன்னு, கல்லை வேகவைக்கலாம்னு அடுப்புல ஏத்தப் போனேன். "ரசம் வைக்கிற பாத்திரத்துல கல்லு வேகவைப்பீங்களா?"ன்னு பிடுங்கி வெச்சுட்டாங்க. அப்புறம் படிச்சப்ப வயித்தைக் கலக்குச்சு. இந்த ஜாதில சிலதுல பாலிடாக்சின் இருக்கு. 1971ல ஹவாய்ல மூர், ஷூயர்னு ரெண்டு விஞ்ஞானிகள் பிரிச்செடுத்த விஷம். கொதிக்க வெச்சாலும் அழியாது, ஆவியோட சேர்ந்து மூக்குக்குள்ள போகும். 2018ல இங்கிலாந்துல ஆக்ஸ்ஃபோர்டுஷயர்ல தொட்டிக் கல்லைச் சுத்தம் பண்ணப் போய் ஒரு குடும்பமே, உதவிக்கு வந்தவங்களோட சேர்ந்து, ஆஸ்பத்திரிக்குப் போச்சு. எங்க வீட்ல அன்னிக்கு சமையல்கட்டுல குழந்தை விளையாடிக்கிட்டிருந்தான். இதைக் கடையில ஒருத்தரும் சொல்லலை. கையுறை, கண்ணாடி போடுன்னு ஒரு துண்டுச்சீட்டு ஒட்ட என்ன செலவாகும்?

தூக்கிப் போடவே கூடாதான்னா, அப்படியும் இல்லை. முழுசா கூழாகி, செத்த மீன் நாத்தம் அடிச்சா உடனே எடுத்துடுங்க. சின்னத் தொட்டில அது மத்ததையும் சேர்த்துக் கொல்லும். ஆனா நண்பரோடது கிழிஞ்சது தானே? கிழிஞ்ச துண்டு ரெண்டுமே தனித்தனியா வளர்ற ஜீவன் அது! இதே ஊர்ல கடலுக்குள்ள லட்சம் பவளம் நடறோம்னு 2024 டிசம்பர்ல ஆரம்பிச்சிருக்காங்க. நாம இருபது வெள்ளின்னு குப்பைல போடறோம்.

நண்பர் இதைப் படிப்பார். படிச்சுட்டுத் திட்டட்டும். என்கிட்ட அந்தக் காளானோட துண்டு ஒண்ணு கல்லுல நல்லா ஒட்டியிருக்கு, ஞாயித்துக்கிழமை வந்தா எடுத்துட்டுப் போகலாம். வர்றதுக்கு முன்னாடி அந்த பம்ப்புக்கு ஒரு வலை மூடி வாங்கி மாட்டிட்டு வரச் சொல்லுங்க.